நின்றுபோன சத்தம்

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது மாடி வீட்டு அக்கா உட்காரவே இல்லை. நான் காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அவளோ ஆள்காட்டி விரலைத் தூக்கி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, சமையலறைப் பக்கம் வெறித்துக்கொண்டிருக்கிறாள்.

"பிள்ளே, உங்க வீட்ல ஏதோ ஒண்ணு தட்டுதுல்லா. கேக்குதா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணமாகி, திருச்சியிலிருந்து கலிபோர்னியாவில் இந்த லிவர்மோருக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பகலெல்லாம் ஆள் அரவமே இருக்காது. அதுவே எனக்குப் போதுமான பயம். இவள் வேறு வாட்டர் ஹீட்டர் இருக்கும் அலமாரியைத் திறந்து காதை வைக்கிறாள். "உள்ள கேஸுல்லா எரியுது, சும்மாவா?" என்கிறாள். காப்பி ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிட்டது. கடைசியில், ஃபிரிட்ஜ் தலையில் நான் வைத்திருந்த வெள்ளிக் குங்குமச் சிமிழின் மூடிதான் தட்டுகிறது என்று கண்டுபிடித்தாள். அதை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, "அப்பாடா!" என்று நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்தாள். அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதி. ஆறின காப்பியை ரசித்துக் குடித்தாள். அவள் போன பிறகு மத்தியானம் முழுக்க நான் ஹீட்டர் அலமாரிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் எங்களுக்கு நேர் மேல் வீடு. பாளையங்கோட்டைக்காரி, எம்.எஸ்ஸி. பிசிக்ஸ். மலையைத் தாண்டிப் போய் ஒரு கம்ப்யூட்டர் டிஸ்க் கம்பெனியில் வேலை பார்த்தாள். சுற்றுகிற டிஸ்க்கின் சத்தத்தைக் கேட்டு, நல்லது எது, கெட்டுப்போகப் போவது எது என்று பிரிப்பதுதான் வேலை. எண்பதுகளின் நடுவில் அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் நம் பெண்கள் இப்படி என்னென்னவோ வேலை பார்த்தார்கள். ஆனால் மற்றவர்கள் சாயங்காலம் வேலையை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். இவள் காதைக் கழற்றி வைக்க முடியாமல் கூடவே கொண்டுவந்தாள்.

எங்கள் தமிழ்க் கூட்டத்தில் அவளுக்கு 'சைரன் அக்கா' என்று பெயர் வைத்தது என் கணவர்தான். பொருத்தமான பெயர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு தடவை, ஆளுக்கொன்று சமைத்து எடுத்துப்போகிற பாட்லக் சாப்பாட்டுக்கு யாரோ ஒரு அங்கிளின் காரில் போயிருக்கிறாள். ஃப்ரீவேயில் போகும்போது பின்னால் ஏதோ சத்தம். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தி, ஓரமாக நிறுத்தவைத்து, இறங்கி நின்றுகொண்டு, இனி ஏற மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். டிக்கியைத் திறந்து பார்த்தால் சாம்பார் பாத்திரத்தின் மூடி. அந்த அங்கிள் அதற்குப் பிறகு அவளைக் காரில் ஏற்றியதே இல்லை. அவள் வருகிறாள் என்றால் சிலர் எக்ஸாஸ்ட் ஃபேனையே அணைத்து வைப்பார்கள், எதற்கு வம்பு என்று.

அவள் எதற்கு இப்படி ஆனாள் என்று ஊரே காரணம் தேடியது. எங்கேயோ விபத்தைக் கண்ணால் பார்த்திருப்பாள், வீட்டில் யாருக்கோ ஏதோ நடந்திருக்கும் என்றெல்லாம் பேசினார்கள். ஒரு மண்ணும் கிடையாது. அவளுடைய வீட்டுக்காரர் தங்கமான மனிதர். பேப்பரும் கையுமாக சோபாவில் கிடப்பார். நானே ஒரு நாள் வாய் விட்டுக் கேட்டேன்.

"எப்பப் பார்த்தாலும் ஏன்க்கா இப்படிப் பயப்படறீங்க?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீ எப்படி பிள்ளே பயப்படாம இருக்க?"

நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். அவளைக் கேலி செய்தால் கோபம் வராது. கூடச் சேர்ந்து சிரிப்பாள். "தப்பாப் போச்சுல்லா? ஸ்தோத்திரம்!" என்பாள். நாம் ஜெயித்தால் சந்தோஷப்படுவோம். இவள் தோற்கிற ஒவ்வொரு தடவையும் மனம் குளிர்ந்து போவாள். அதை நான் அப்போது விசித்திரம் என்று மட்டும் நினைத்தேன்.

இப்போது சைக்கிளுக்கு வருகிறேன். மவுன்டன் பைக் என்று ஒன்று அப்போதுதான் அங்கே பிரபலமாகிக்கொண்டிருந்தது. என் கணவரின் ஆபீஸ் நண்பர்கள் சனிக்கிழமையானால் தடித்த டயர் போட்ட அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுவார்கள். மூச்சுத் திணற ஏறுவது, பிறகு மண் பாதையில் கண்மூடித்தனமாக இறங்குவது. திருச்சியில் பால்காரன் சைக்கிளைத் தவிர வேறெதையும் தொட்டறியாத என் கணவருக்கும் அந்தப் பித்துப் பிடித்தது. ஒருவரிடமிருந்து பழசாக ஒன்று வாங்கினார். நான் விடவில்லை. கோயிலுக்குக் கொண்டுபோய், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஹேண்டில் பாரில் சந்தனம் குங்குமம் இட்டு, பூஜை போட்ட பிறகுதான் ஏறவிட்டேன். அர்ச்சகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மந்திரம் சொன்னார்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். என் வயிற்றில் குழந்தை. நான் அவருடைய விசாவின் வாலைப் பிடித்து வந்தவள். எனக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது, கார் ஓட்டத் தெரியாது. அவர் மலையிலிருந்து உருண்டுவிட்டால் அந்த ஊரில் நான் யார்? போலீஸ்காரன் வந்து கதவைத் தட்டினால் அவனிடம் என்ன பேசுவேன்? சனிக்கிழமை காலைகளில் அவர் திரும்பி வரும்வரை வேறெதையும் நினைக்க முடியாது. குக்கரில் விசில் வந்தால்கூடத் தூக்கிவாரிப் போடும்.

அந்தச் சைக்கிள் ஒரு நாள் சத்தம் போட ஆரம்பித்தது. மிதிக்கிறபோது 'டிக்' என்று ஒன்று. சைக்கிள் கடையில் கொடுத்தார். அவர்கள் பெடல் சுற்றுகிற அச்சைக் கழற்றி, புதிது போட்டுக் கொடுத்தார்கள். சத்தம் அப்படியே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்த அக்கா, கார் நிறுத்துமிடத்தில் என் கணவர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, பைபிளை என் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

"தம்பி, மிதிக்காம உருட்டுங்க."

உருட்டினார். சத்தமில்லை.

"அப்ப வீல் இல்ல. இப்ப எந்திரிச்சு நின்னு மிதிங்க."

நின்று மிதித்தார். டிக்.

"சீட்டும் இல்ல. இனி ஒத்தக் கால்ல."

இடது காலில் மிதித்தாலும் டிக், வலது காலில் மிதித்தாலும் டிக். கியரை மாற்றிப் பார்த்தார்கள், பெடலை மாற்றிப் பார்த்தார்கள். என் கணவருக்கு முதலில் இருந்த எரிச்சல் போய், விளையாட்டில் இறங்கின மாதிரி உற்சாகம் வந்துவிட்டது. கடைசியில் இரண்டு பிரேக்கையும் இறுகப் பிடித்துக்கொண்டு, நகராமல் நின்ற இடத்திலேயே பெடலை அழுத்தச் சொன்னாள். சக்கரம் சுற்றவில்லை, செயின் ஓடவில்லை. ஆனாலும் டிக்.

அக்கா சர்ச்சுக்குக் கட்டின பட்டுப்புடவையோடு தார்த் தரையில் ஒருக்களித்துப் படுத்தாள். என்னை வீட்டுக்கு ஓடவைத்து மரக்கரண்டி ஒன்று கொண்டுவரச் சொல்லி, அதன் ஒரு முனையைச் சைக்கிளின் கீழ்ப்பக்கத்தில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டாள். எதிர் வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் குப்பை போட வந்தவர், பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். எனக்கு மானம் போயிற்று.

எழுந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"செயின் இல்ல, பெடல் இல்ல, அச்சு புதுசு. மிச்சம் இருக்கது ஃபிரேம்தான் தம்பி. இதுல ஏறாதீங்க."

"ஃபிரேமா? அக்கா, அது ஸ்டீல். என் வெயிட்டுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"ஏறாதீங்கன்னு சொல்லுதேன்."

அவர் சிரித்தார். சாம்பார் மூடி கதை அவருக்கும் தெரியுமே.

பிறகு என் கணவர் செய்ததை உலகத்தில் வேறு எந்த ஜாதி மனிதனும் செய்திருக்க மாட்டான். நமக்கு எதற்கும் எண்ணெய்தானே? கதவு கிறீச்சிட்டால் எண்ணெய், வயிறு வலித்தால் எண்ணெய், தலை சுற்றினால் எண்ணெய். ஊரிலிருந்து என் அம்மா கொடுத்தனுப்பிய தேங்காயெண்ணெய் பாட்டில் குளிரில் கட்டியாக உறைந்திருந்தது. அதை வெந்நீரில் வைத்து உருக்கி, சைக்கிளில் பெடல் சேருகிற கீழ்மூட்டு, இடுக்கு, பொந்து என்று ஒன்று விடாமல் தாராளமாக ஊற்றினார். ஹாலில் கார்ப்பெட் எல்லாம் எண்ணெய். மறுநாள் காலையில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கூவிக்கொண்டே வந்தார்.

"போயே போச்சு! சத்தமே இல்ல! சைரன் அக்காவைக் கூப்பிடு!"

நானும் சந்தோஷப்பட்டேன். ஏன் மாட்டேன்? அந்தச் சனிக்கிழமை அவர்கள் டயாப்ளோ மலை உச்சியிலிருந்து இறங்குவதாக ஏற்பாடு. அந்தப் பக்கத்திலேயே பெரிய இறக்கம் அதுதான் என்று வாரம் முழுக்க அதே பேச்சு.

அக்கா வேலையிலிருந்து திரும்பியதும் எங்கள் வாசலில் வந்து நின்றாள். சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் நின்றது. என் கணவர் மிதித்துக் காட்டினார். அவள் குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"தேங்காண்ணயா விட்டீங்க?"

"ஆமாக்கா. ஒரே நாள்ல சரியாயிடுச்சு பாத்தீங்களா?"

"சரியாவல்ல தம்பி. இந்தக் குளிருக்கு எண்ணெய் உள்ள போயி உறைஞ்சிருக்கு. வாயப் பொத்தி வச்சிருக்கு, அவ்வளவுதான். வெயில் ஏறினா உருகும். நீங்க மலை உச்சிக்குப் போற நேரத்துக்குத்தான் உருகும்."

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவருக்கோ சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"அக்கா, சத்தம் வந்தாலும் பயப்படுத்தறீங்க, சத்தம் நின்னாலும் பயப்படுத்தறீங்க. மாசமா இருக்கற பொண்ணு முன்னாடி இப்படியெல்லாம் பேசலாமா? நீங்க வந்துட்டுப் போனாலே இந்த வீட்ல யாருக்கும் நிம்மதி இல்ல."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். யார் பக்கம் பேசுவது? அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மெதுவாக மாடிப்படி ஏறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வாரம் கீழே இறங்கி எங்கள் வாசலுக்கு வரவில்லை. மேலே அவள் அங்குமிங்கும் நடக்கிற சத்தம் மட்டும் எங்கள் கூரையில் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அவரிடம் கெஞ்சினேன், அழுதேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். "உனக்கும் அவங்க வியாதி ஒட்டிக்கிச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மறுநாளைக்குத் தயாராகச் சைக்கிளைத் துடைத்து வைக்கலாம் என்று படிக்கடியிலிருந்து உருட்டினார். களக். நின்றார். மறுபடி உருட்டினார். களக், களக்.

"அட சே! இது வேற சத்தம். உள்ள ஏதோ கழண்டுடுச்சு."

அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. நண்பர்களுக்கு போன் செய்து, நீங்கள் போய் வாருங்கள் என்று சொன்னார். நான் பூஜை அலமாரிக்கு முன்னால் போய் நின்று, முருகா, உனக்குக் கோடி புண்ணியம் என்றேன். சாமிக்கு யார் புண்ணியம் தருவது? அன்றைக்கு எனக்கு இருந்த படபடப்பில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை கடைக்கு நானும் கூடவே போனேன். அந்த மெக்கானிக் தாடியும் குடுமியுமாக ஒரு வெள்ளைக்காரப் பையன். விசிலடித்துக்கொண்டே வேலை செய்தான். சைக்கிளைக் குலுக்கிப் பார்த்தான். சீட்டுக்குக் கீழே இருக்கும் நெம்புகோலைத் திருப்பி, சீட்டை உருவி எடுத்து, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தான். குழாய்க்குள்ளிருந்து சின்னதாக, பளபளப்பான ஒன்று பழுப்பு நிறத்தில் அவன் உள்ளங்கையில் விழுந்தது.

"இதென்ன, ஏதாவது பீன்ஸா?" என்று கேட்டான்.

புளியங்கொட்டை.

என் கணவர் என்னை முறைத்தார். நான் தலையை ஆட்டினேன், நான் இல்லை என்று. அவர் நம்பவில்லை. அந்த ஊரில் புளி கரைத்துக் குழம்பு வைக்கிறவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

இதற்குள் அந்தப் பையன் கீழ்மூட்டில் வெள்ளையாக உறைந்திருந்ததைச் சுரண்டி மூக்கில் வைத்துப் பார்த்து, "கடற்கரையில் பூசுகிற சன்டான் லோஷன் வாசனை அடிக்கிறதே!" என்று சிரித்தான். துணியை எடுத்து அழுத்தித் துடைத்தான். துடைத்துக்கொண்டிருந்தவன் விசிலை நிறுத்தினான். கட்டைவிரலால் அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவினான். பிறகு விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு எங்களை அருகே கூப்பிட்டான்.

பெடல் மாட்டுகிற இடத்தில் கீழ்க்குழாய் வந்து சேருகிறதல்லவா, அங்கே தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. குழாயைச் சுற்றிப் பாதிக்கு மேல் ஓடியிருந்தது. அவன் பெடலில் காலை வைத்து லேசாக அழுத்தினான். அந்தக் கோடு மீன் வாயைத் திறந்து மூடுகிற மாதிரி திறந்து மூடியது. நான் பார்த்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் அது திறந்து மூடுகிறது.

"இதில் எங்கே போவதாக இருந்தீர்கள்?" என்று கேட்டான்.

என் கணவர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் டயாப்ளோ என்றேன். அவன் முன் சக்கரத்தைக் கழற்றித் தனியாக எடுத்து வைத்துவிட்டான், மறந்துபோய்க்கூட யாரும் அதில் ஏறிவிடக் கூடாது என்று.

காரில் திரும்பி வரும்போது அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தார். சட்டைப்பையில் புளியங்கொட்டை.

"நிஜமா நீ போடலையா?"

"எனக்கு அந்த சீட்டு கழலும்னே தெரியாதுங்க."

அதற்கு மேல் பேசத் தேவையிருக்கவில்லை. சைக்கிள் இருந்தது மாடிப்படிக்கு அடியில். தினமும் அந்த வழியாகப் போய் வருகிறவள் ஒருத்திதான். சத்தம் நின்றதும் பயம் போய்விட்ட மனிதரை எப்படித் தடுப்பது? போன சத்தத்தைக் கொண்டுவந்தால்தான் தடுக்கலாம். அவ்வளவு யோசித்திருக்கிறாள் படுபாவி. அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது எனக்கு.

நேராக மாடிக்கே போனோம். கதவைத் திறந்ததும் என் கணவர் பேசாமல் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அக்காவுக்குத் திருட்டு முழி வந்துவிட்டது.

"மன்னிச்சிடுங்க தம்பி. செஞ்சது தப்புதான். பொய்ச் சத்தம்தான், வேணும்னுதான் போட்டேன். நீங்க எங்கிட்ட பேச வேண்டாம், எங்க வீட்டுப் பக்கம் வர வேண்டாம். ஆனா பிள்ள மாசமா இருக்கால்லா, எனக்கு மனசு கேக்கல…"

"அக்கா," என்றார் அவர். "ஃபிரேம் உடைஞ்சிருந்ததுக்கா. பாதிக்கு மேல. நீங்க சொன்ன அதே இடத்துல. இன்னிக்கு நான் போயிருந்தா…" சட்டென்று குனிந்து அவள் காலைத் தொட்டார்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெயித்திருக்கிறாளே! ஊரே சிரித்த காது ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறதே! ஆனால் அக்கா பின்னால் நகர்ந்து சுவரைப் பிடித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நெசமாவா? நெசமாவே உடைஞ்சிருந்துச்சா?"

"ஆமாக்கா. உங்களுக்குத்தான் தெரியுமே" என்றேன் நான்.

"எனக்கு எங்க பிள்ளே தெரியும்? நான் பயந்தேன். எல்லாத்துக்கும் பயப்படுத மாதிரி இதுக்கும் பயந்தேன்." தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "கடையில கழட்டிப் பாப்பான், ஒண்ணுமில்லன்னு சொல்லுவான், நீங்க ரெண்டு பேரும் வந்து என்னைய ஏசுவீங்க, நானும் சிரிச்சிட்டு நிம்மதியாச் சோறு திங்கலாம்னு பாத்தேன். எப்பவும் அப்படித்தான நடக்கும்? என் காது தப்புன்ற ஒரே தைரியத்துலதான் நான் இத்தன வருசம் இருந்துட்டு வாரேன்."

உள்ளே சோபாவில் அவளுடைய வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

நான் அக்கா பக்கத்தில் போய்க் குனிந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்வை என் முகத்திலிருந்து இறங்கி, வயிற்றின் மேல் வந்து நின்றது. சட்டென்று இரண்டு கைகளாலும் காதை இறுகப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல பிள்ளே. நீ கீழ போ. எம் பக்கத்துல வராத, போயிரு."

நான் போகவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளை ஒட்டித் தரையிலேயே உட்கார்ந்தேன். அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அவள் காதிலிருந்து கையை எடுக்கவே இல்லை. வயிற்றுக்குள்ளிருந்து எனக்கும் ஏதாவது கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.